முக்கொம்பு மேலணை: மணல் தாங்கிய சுவர்

2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் மதகுகள் அடுத்தடுத்துச் சரிந்து ஆற்றுக்குள் விழுந்தன. தென்பகுதியில் இருந்த 45 கண்களில் ஒன்பது போயின. மேலே இருந்த பாலத்தின் ஒரு துண்டும் கூடவே போனது. செய்தி கேட்டவர்கள் பெரும்பாலும், காவிரியில் பெருவெள்ளம், அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் எண்ணினார்கள். ஆனால் அந்த ஆண்டின் பெருவெள்ளம் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே வந்து உச்சம் தொட்டுவிட்டது. மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் திறந்துவிடப்பட்ட நாட்களில் மேலணை நின்றது. வெள்ளம் வடிந்துகொண்டிருந்தபோது விழுந்தது.

அரசுத் தரப்பில் வந்த விளக்கம் சுருக்கமானது: 182 ஆண்டு பழைய அணை, தொடர்ந்து வெள்ளம், தாங்கவில்லை. விவசாயிகளும் எதிர்க்கட்சிகளும் சொன்ன விளக்கமும் சுருக்கமானதே: மணலை அள்ளினார்கள், பராமரிக்கவில்லை. இரண்டு தரப்பும் அணையைப் பார்த்தே பேசின. என் பார்வையில் பிரச்சினை அணைக்கு அடியில் இருக்கிறது. மேலணை கட்டப்பட்ட நாள் முதலே அதன் கதை ஆற்றுத் தரையின் கதைதான். தரை ஏறியது, இறங்கியது, அரித்தது, அடைத்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ அதைக் கவனித்து ஏதோ செய்தார்கள். அந்தக் கவனிப்பு எப்போது நின்றது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மேட்டூரைப் போலத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணை அல்ல மேலணை. ஆற்றைப் பிரித்துவிடும் அணை. முக்கொம்பில் காவிரி இரண்டாகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கிழக்கே கல்லணையருகில் இரண்டும் மறுபடி நெருங்கிவந்து பிரிந்துபோகின்றன. பெயர் தெற்கு ஆற்றுக்கு இருந்தாலும், ஆற்றின் மனசு வடக்கே இருக்கிறது. கொள்ளிடம் கடலுக்கு நேராகப் போகிறது. அதன் சரிவு அதிகம், படுகை தாழ்வு. காவிரியோ தான் கொண்டுவந்த வண்டலாலேயே தன் தரையை உயர்த்திக்கொண்டு, மேட்டில் ஓடும் ஆறு. மேட்டில் ஓடுவதால்தான் அதன் கிளைகளில் வாய்க்கால் வெட்டித் தஞ்சைச் சமவெளி முழுக்கத் தண்ணீர் பாய்ச்ச முடிகிறது. அதே மேடுதான் அதன் பலவீனமும். முக்கொம்பில் கட்டுப்பாடு எதுவும் இல்லையென்றால் தண்ணீர் பள்ளம் பார்த்துக் கொள்ளிடத்துக்குப் போய்விடும்.

கல்லணை இந்தத் தீவின் கீழ்முனையில் செய்த வேலை, காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் விழுந்துவிடாமல் தடுப்பது. மேல்முனை திறந்தே கிடந்தது. வெள்ளம் வரும் ஒவ்வொரு ஆண்டும் காவிரித் தலைப்பில் மணல் மேடிட்டது. கோடையில் ஆள் திரட்டி மணலை வெட்டி ஒதுக்குவார்கள். தண்ணீரைத் தெற்கே திருப்ப மணலும் தழையும் மரமுமாகக் கொறம்பு போடுவார்கள். அடுத்த வெள்ளத்தில் கொறம்பு போகும், மணல் திரும்ப வரும். தஞ்சை அரசுகளின் காலம் இப்படித்தான் ஓடியது.

1799-இல் சரபோஜியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நெல் விளைந்தால்தான் வரி. தலைப்பு அடைபட்டால் வரியும் அடைபடும். 1804-இல் கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளரை அனுப்பிக் காவிரியைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கல்லணையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினார்கள். காவிரிக்குள் தண்ணீர் கூடுதலாக நின்றது. தண்ணீர் நின்றால் அது சுமந்துவரும் மணலும் நிற்கும். காவிரியின் தரை இன்னும் மேடிட்டது, தலைப்பு இன்னும் அடைந்தது. 1830-இல் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைத்துப் பார்த்தார்கள். கீழ்முனையில் என்ன செய்தாலும் மேல்முனையின் அடைப்பு தீராது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது.

அந்த இடத்தில்தான் ஆர்தர் காட்டன் வருகிறார். 1803-இல் பிறந்தவர், 1821-இல் சென்னைக்கு வந்தவர், 1820-களின் கடைசியில் காவிரிப் பாசனப் பணிக்கு அமர்த்தப்பட்டவர். அவரை நம் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே தெய்வமாக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகளே உண்டு. ஆனால் அவருடைய நேர்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாறையே தட்டாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தான் கற்றது இந்த மண்ணின் பழைய கட்டுமானத்திலிருந்து என்று அவரே எழுதிவைத்தார். கல்லணையைக் கட்டியவர்கள் பாறையைத் தேடிப் போகவில்லை. பெரிய கற்களை மணலில் போட்டார்கள். அவை அமிழ்ந்தன. அவற்றின் மேல் மறுபடி கற்களைப் போட்டார்கள். களிமண்ணை இடையில் இட்டார்கள். அமிழ்வது நிற்கும்வரை போட்டார்கள். மணல் இளகும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த இளக்கத்தையே வேலைக்குப் பயன்படுத்திய கட்டுமானம் அது.

காட்டனின் மேலணை 1836-இல் முடிந்தது. இன்றைய கண்ணுக்கு அது மிக எளிய சுவர். கொள்ளிடத்தின் அகலம் முழுக்க, நடுவில் திட்டுகள் குறுக்கிட, இரண்டாயிரம் அடிக்கு மேல் நீளம். உயரம் ஏழடி, கனம் ஆறடி. செங்கல் கட்டுமானம், மேலே வெட்டுக்கல். அதன் அடியில் பாறை இல்லை. செங்கல் உறைகளை மணலுக்குள் இறக்கி, உள்ளே நிரப்பிய ஆழமில்லாத கிணறுகள்தான் அஸ்திவாரம். கிணறு வெட்டும் நம்மூர் ஆட்களுக்குப் பழகிய வேலை. சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் தரையைக் குடையாதபடி கீழ்ப்பக்கம் 21 அடி அகலத்துக்குக் கல் தளம். மணல் போக ஆங்காங்கே சிறு மதகுகள். சாதாரண நாளில் இந்தச் சுவர் தண்ணீரைக் காவிரிக்குத் தள்ளும். வெள்ளம் வந்தால் தண்ணீர் சுவரேறிக் குதித்துக் கொள்ளிடத்துக்குப் போகும். யாரும் எதையும் திறக்கவோ மூடவோ வேண்டியதில்லை.

விளைவு உடனே தெரிந்தது. காவிரிக்குத் தண்ணீர் தட்டுப்பாடு தீர்ந்தது. தஞ்சை மாவட்டம் கம்பெனியின் வருவாய்க் கணக்கில் முன்வரிசைக்கு வந்தது. கொள்ளிடத்தை நம்பியிருந்த தென்னார்க்காட்டுப் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் குறைந்துவிடுமே என்பதற்காக, பல காத தூரம் கீழே அணைக்கரையில் அதே 1836-இல் கீழணையும் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம் எடுத்ததற்கு இன்னொரு பக்கம் ஈடு. இதுவரை கணக்கு சரி.

பிறகுதான் ஆறு தன் கணக்கைப் போட்டது. முன்பு தண்ணீர் போதாமல் மேடிட்ட காவிரிக்குள் இப்போது தண்ணீர் வேகமாகப் புகுந்து தரையை அரிக்க ஆரம்பித்தது. கொள்ளிடத்தின் தலைப்பில் மணல் ஏறியது. அப்படியே விட்டிருந்தால், சில பத்தாண்டுகளில் கொள்ளிடம் வறண்டு, காவிரியே வெள்ளம் சுமக்கும் ஆறாகித் தஞ்சையை முழுக்கடித்திருக்கும். 1843-இல் மேலணைச் சுவரில் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்தார்கள். 1845-இல் காவிரித் தலைப்பில், படுகை மேலும் இறங்காதபடி ஆற்றின் குறுக்கே தரைமட்டச் சுவர் ஒன்று கட்டினார்கள். ஆக, கட்டி முடித்த ஒன்பது ஆண்டுக்குள் இரண்டு பெரிய திருத்தங்கள்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேல் ஒரு மரியாதை வரும். திருத்தம் செய்ததற்காக அல்ல. தவறை அவர்கள் கண்டுபிடித்த விதத்துக்காக. படுகை எத்தனை அடி இறங்கியது, எங்கே மேடிட்டது என்று அவர்கள் அளந்துகொண்டே இருந்தார்கள். அளவு இல்லாமல் 1843-ஆம் ஆண்டு முடிவையும் 1845-ஆம் ஆண்டு முடிவையும் எடுத்திருக்க முடியாது. வரிப்பணம் குறையுமே என்ற கவலைதான் அதற்குத் தூண்டுதல் என்பது தெரியாதது அல்ல. தூண்டுதல் எதுவானாலும் ஆற்றுத் தரையின் மட்டம் ஏட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

1880-களில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கதவுகளுள்ள தலைப்பு மதகுகள் வந்தன. இனி டெல்டாவுக்குள் எவ்வளவு தண்ணீர் என்பதை மனிதர் தீர்மானிக்கலாம். அந்த மாற்றம் மேலேயும் வந்தது. காட்டனின் வெற்றுச் சுவர், பின்னாளில் தூண்களும் ஏற்றி இறக்கும் இரும்பு ஷட்டர்களும் மேலே பாலமும் கொண்ட கதவணையாக மாற்றப்பட்டது. தென்பகுதியில் 45 கண்கள், வடபகுதியில் 10. 2018-இல் விழுந்தது இந்தத் தூண்களும் ஷட்டர்களும்தான். ஆகவே "182 வயது" என்பது பாதி உண்மை. அடியில் இருந்தது காட்டன் காலத்து யோசனை, மேலே இருந்தது அதற்குப் பிந்திய தலைமுறைகளின் கட்டுமானம். ஏழடிச் சுவருக்கென்று நினைத்த மணல் தளம், அதற்கு மேல் தூண், கதவு, பாலம் எல்லாவற்றையும் சுமந்தது.

கதவு வைத்ததால் இன்னொன்றும் மாறியது. வெறும் சுவரில் வெள்ளம் தாண்டும்போது மேலும் கீழும் தண்ணீர் நிற்கும், மட்ட வித்தியாசம் அதிகம் இருக்காது. கதவை மூடினால் கதை வேறு. மேல்பக்கம் தண்ணீர் நிறைந்து நிற்கும், கீழ்ப்பக்கம் கொள்ளிடம் காய்ந்து கிடக்கும். மட்ட வித்தியாசம் முழுவதும் சுவருக்கு அடியிலுள்ள மணல்மேல் விழும். மேல்பக்கத் தண்ணீர் மணலுக்குள் புகுந்து, அஸ்திவாரத்தின் அடியில் ஊர்ந்து, கீழ்ப்பக்கத் தளம் முடியும் இடத்தில் மேலே வரப் பார்க்கும். வேகம் குறைவாக இருந்தால் வெறும் கசிவு. வேகம் கூடினால் வரும்போது மணலையும் தூக்கிக்கொண்டு வரும். அந்த இடத்தில் மணல் கொதிப்பதுபோல் குமிழியிடும். ஒரு பிடி மணல் போனால் பாதை ஒரு பிடி குறைகிறது. பாதை குறைந்தால் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் இன்னும் மணல் போகிறது. கடைசியில் தளத்துக்கு அடியில் வெற்றிடம், அதன் மேல் தூண்.

இந்த ஆபத்தை உலகுக்குப் புரியவைத்த நாடுகளில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடம் பெரும்பாலும் அணைகள் உடைந்தே கிடைத்தது. 1895-இல் பஞ்சாபில் செனாப் ஆற்றின் கான்கி அணை சேதமடைந்தது. கர்னல் கிளிபர்ன் ரூர்க்கியில் குழாய்க்குள் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டுச் சோதித்தார். 1898 மார்ச்சில் கங்கையின் நரோரா அணையின் தளம் அடியிலிருந்து எழும்பிய நீரழுத்தத்தால் உடைந்தது. மார்ச் மாதம் கங்கையில் வெள்ள காலம் அல்ல. மேலே தண்ணீர் தேங்கி, கீழே ஆறு இறங்கிக் கிடந்த நேரம். பிளை என்ற பொறியாளர் மணல்மேல் கட்டும் அணைக்குத் தளம் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று கொடுத்தார். அந்தக் கணக்கிலுள்ள குறைகளைப் பஞ்சாப் அணைகளில் அழுத்தத்தை நேரடியாக அளந்து காட்டி, 1936-இல் கோஸ்லாவும் அவருடைய சகாக்களும் புதிய முறையைத் தந்தார்கள். தளத்தின் நீளம் மட்டும் போதாது, தளம் முடியும் முனையில் ஆழமாக ஒரு தடுப்புச் சுவர் இறங்க வேண்டும் என்பது அதன் சாரம். மேலணை வடிவமைக்கப்பட்டபோது இந்த அறிவு எதுவும் இல்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1936-க்குப் பிறகு இந்த அறிவு பொறியியல் கல்லூரிப் பாடம் ஆகிவிட்டது.

மேலணையின் உறவுக்கார அணைகளின் கதியையும் பார்க்க வேண்டும். காவிரியில் கிடைத்த அனுபவத்தோடு காட்டன் கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரத்தில் அணை கட்டினார். அதை அடுத்துக் கிருஷ்ணாவில் விஜயவாடா அணை 1855-இல் முடிந்தது. விஜயவாடா அணை 1952 செப்டம்பரில் உடைந்தது. அதன் இடத்தில் 1957-இல் பிரகாசம் கதவணை வந்தது. தவளேஸ்வரத்தில் பழைய அணை முழுக்க உடையும் நாள்வரை காத்திருக்காமல் புதிய கதவணை கட்டி, அதற்குக் காட்டன் பெயரையே வைத்தார்கள். மூன்று சகோதர அணைகளில் மூத்தது மேலணை. கடைசிவரை பழைய அஸ்திவாரத்தோடே வேலை வாங்கப்பட்டதும் அதுதான்.

1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. டெல்டாவுக்கு அது பெரிய நிம்மதி. மேலணையின் தரைக்கு அது வேறு செய்தி. 93 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும் ஏரி, தண்ணீரோடு மணலையும் வண்டலையும் பிடித்துவைத்தது. அதற்கு முன்பே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், பிறகு கபினி, ஹேமாவதி, ஹாரங்கி. மேலிருந்து வர வேண்டிய மணல் வருவது குறைந்தது. மணல் சுமக்காமல் வரும் தண்ணீர் போகிற வழியில் தரையிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே மணல் லாரி ஒன்றுகூட இறங்காவிட்டாலும், காவிரியும் கொள்ளிடமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகியிருக்கும். மணல் கொள்ளைதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட விரும்புகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதற்காக மணல் லாரிகளை விட்டுவிட முடியாது. 2003-இல் தமிழக அரசு ஆற்று மணல் அள்ளுவதைத் தனியாரிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது. குவாரிகளை நடத்தும் பொறுப்பு பொதுப்பணித்துறைக்கு. மேலணையைக் காக்கும் பொறுப்பும் அப்போது அதே துறையின் நீர்வளப் பிரிவுக்கு. ஆற்றின் தரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய துறையே ஆற்றின் தரையை விற்றது. அனுமதித்த ஆழம், அள்ளிய ஆழம், அனுமதித்த லாரி, போன லாரி என்ற வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்தன. கொள்ளிடக் கரை ஊர்க்காரர்கள் எங்கே எவ்வளவு பள்ளம் என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். மணல் வராத ஆற்றில் மணல் அள்ளினால் அந்தப் பள்ளம் நிரம்பாது. பள்ளம் அங்கேயே நிற்கவும் செய்யாது. தண்ணீர் வரும்போது அதன் மேல்முனை அரித்து அரித்து எதிர்த்திசையில் நகரும். அணையின் கீழ்ப்பக்கம் தொலைவில் தோண்டிய குழி, சில வெள்ளங்களில் அணையின் காலடிக்கு வந்து சேரலாம்.

காலடியில் தரை இறங்கினால் என்ன ஆகும்? அணையின் உயரம் அப்படியே இருக்க, கீழ்ப்பக்க நீர்மட்டம் தாழும், மட்ட வித்தியாசம் கூடும். தளத்தின் முனை அந்தரத்தில் தொங்கும். கசிவு வெளியேறும் பாதை குறுகும். 1836-இன் ஆழமில்லாத கிணறுகள் எந்தத் தரைமட்டத்தை நம்பி இறக்கப்பட்டனவோ, அந்தத் தரை அங்கே இல்லை. அணையில் ஒரு செங்கல்கூடப் பெயராமலே அணை பலவீனமாகிவிடும்.

இந்தப் பின்னணியோடு 2018-க்கு வருவோம். அது காவிரிக்கு விசித்திரமான ஆண்டு. பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டிஎம்சியாகக் குறைத்துத் தீர்ப்பளித்தது. காவிரி நீர்ப் பங்கீட்டைக் கண்காணிக்கும் ஆணையம் அமைக்கக் கோரித் தமிழகமே போராடியது. ஜூன் மாதம் ஆணையம் வந்தது. அந்தச் சூடு அடங்குவதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டியது. ஜூலை 19-இல் மேட்டூர் திறக்கப்பட்டது. 23-ஆம் தேதி 120 அடியும் நிரம்பியது. ஆகஸ்ட்டில் கேரளத்தை மூழ்கடித்த அதே மழை வயநாட்டிலும் பெய்து, கபினி வழியாகக் காவிரிக்கு வந்தது. டிஎம்சி கணக்கில் சண்டை போட்ட தண்ணீர் கொள்ளிடம் வழியாக நாள் தவறாமல் கடலுக்குப் போனது.

முதல் எச்சரிக்கை மேலணையில் அல்ல, திருச்சியில் வந்தது. 1924 வெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்டு 1928-இல் திறக்கப்பட்ட பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள், ஆகஸ்ட் நடுவில் அடி அரித்துச் சாய்ந்து, பாலத்தின் பகுதிகள் ஆற்றில் விழுந்தன. பக்கத்தில் புதுப்பாலம் வந்து, இதில் போக்குவரத்து நின்றிருந்ததால் ஆபத்தில்லை. அதே ஆறு, அதே மணல், சில மைல் இடைவெளி. ஒரு தூண் அரிப்பால் சாய்ந்தது என்றால் அந்த ஆற்றின் மற்ற தூண்களின் அடியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு உத்தரவு பறந்திருக்க வேண்டும். சில நாள் கழித்து முக்கொம்பில் மதகுகள் விழுந்தன.

வெள்ளம்தான் காரணம் என்ற வாதம் எவ்வளவு நிற்கும்? 1924 ஜூலையில் மேட்டூர் அணையே இல்லை. நான்கு லட்சம் கன அடிக்கு மேல் வந்ததாகக் கணக்கிடப்பட்ட வெள்ளம் தடையில்லாமல் வந்தது. அதற்குப் பிறகும் மேலணை பணியில் இருந்தது. 2005-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் கண்டது. 2018-இல் வந்தது இவற்றைவிடக் குறைவு. அதனால் வெள்ளம் ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம், விழும் நிலைக்கு அணையை அதற்கு முன்பே ஏதோ கொண்டுவந்துவிட்டது என்று கொள்வதே பொருந்தும். பல வாரம் ஓடிய வெள்ளம் தளத்தின் முனையை அரித்திருக்கும். வெள்ளம் வடிந்து நீர்மட்ட வித்தியாசம் மறுபடி கூடும்போது அடியில் கசிவு வேகமெடுத்திருக்கும். நரோராவில் நடந்ததற்கும் இதற்கும் நூற்றிருபது ஆண்டு இடைவெளி, நேரம் மட்டும் ஒத்துப்போகிறது.

வயது என்ற வாதத்தில் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சுண்ணாம்புக் காரை காலப்போக்கில் கரையும், இரும்பு துருப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் வயதைக் காரணமாகச் சொல்கிறவர்கள் அதைவிடப் பழைய கல்லணையைத் தினமும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்லணை நிற்பதற்குக் கரிகாலன் பெயர் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு நூற்றாண்டிலும் யாரோ அதில் கல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கால்டுவெல் தொடங்கி இன்றுவரை கை வைக்காத தலைமுறை இல்லை. இன்று நாம் பார்ப்பதில் எது கரிகாலன் காலத்தது என்று பிரித்துச் சொல்வதே கடினம். பழைய அணை என்று ஒன்று இருப்பதாக நினைப்பதே ஒருவகை மயக்கம்.

பராமரிப்பு என்ற வாதத்துக்குத்தான் வலு அதிகம். அது பொதுவாகச் சொல்லப்படுவதைவிட நுட்பமானது. ஷட்டருக்குப் பெயின்ட் அடிப்பதும், சங்கிலிக்குக் கிரீஸ் போடுவதும், பாலத்துக் கைப்பிடியைச் சரிசெய்வதும் நடந்தன. முக்கொம்பில் பூங்கா இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதியை யாரும் முழுக்க மறக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இருக்கும் தளத்தையும் அதன் முனையையும் பார்க்க வேண்டுமென்றால் ஆறு காய வேண்டும். அதற்கும் வாய்ப்பில்லாமல் போகவில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படவே இல்லை. குறுவை பொய்த்தது. 2016-17 வறட்சியில் கொள்ளிடம் மாதக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்தது. பழைய அணையின் காலடியைத் தோண்டிப் பார்க்க, கிணற்று அஸ்திவாரம் எந்த மட்டத்தில் தெரிகிறது என்று அளக்க, முனையில் தடுப்புச் சுவர் இறக்க, இதைவிட வசதியான காலம் வராது. காய்ந்த ஆற்றை அந்த ஆண்டுகளில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவை மணல் லாரிகள்.

இதில் லஸ்கர்களையும் கீழ்மட்டப் பணியாளர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. மதகைத் திறந்து மூடுகிறவருக்கு ஆற்றின் நீர்மட்டம் தெரியும். தரைமட்டத்தை அளக்கச் சொல்லி யாரும் அவரிடம் கோல் கொடுக்கவில்லை. 1843-இல் ஏட்டில் ஏறிய அந்தக் கணக்கு எந்த ஆண்டில் நின்றது என்பதை யாரும் கேட்கவும் இல்லை. தண்ணீர் எவ்வளவு வந்தது என்பது நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. ஆற்றின் தரை எங்கே இருக்கிறது என்பது எதிலும் வருவதில்லை.

சரிவின் அடி கடைமடையில் விழுந்தது. மேட்டூரில் தண்ணீர் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வருகிறது, ஆனால் முக்கொம்பில் ஓட்டை. காவிரிக்குத் திருப்ப வேண்டிய நீர் ஒன்பது கண் வழியாகக் கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சம்பாவுக்கு நாற்று விட்டவர்கள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பதாயிரம் கன அடி கடலுக்குப் போனாலும் கவலைப்படாத டெல்டா, நாலாயிரம் கன அடி தன் தலைப்பில் ஏறாவிட்டால் காய்ந்துவிடும். கூலியாட்கள் ஓடும் தண்ணீருக்குள் நின்று மணல் மூட்டை அடுக்கினார்கள். பாறாங்கற்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூட்டைகளை நீர் இழுத்துக்கொண்டு போக, மறுபடி அடுக்கினார்கள். பழைய கொறம்பு வேலை, இப்போது பிளாஸ்டிக் சாக்கில்.

சரிந்த இரண்டாம் நாள் வந்து பார்த்த முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, தென்பகுதிக்கு 325 கோடி, வடபகுதிக்கு 85 கோடி என்று மொத்தம் 410 கோடி ரூபாயில் புதிய கதவணைகள் கட்டப்படும், 15 மாதத்தில் முடியும் என்றார். பதினைந்து மாதத்தில் முடியவில்லை. இந்த அளவிலான ஆற்று வேலை அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யாரும் நம்பியிருக்கவும் மாட்டார்கள். புதிய கதவணை பழையதற்குச் சற்றுக் கீழே, அதே 45-க்கும் 10-க்கும் ஏற்ப, கான்கிரீட்டில் எழுந்துவிட்டது. கிணறுகளின் காலம் முடிந்தது. அந்த வகையில் முக்கொம்பின் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் கான்கிரீட்டும் நிற்பது கொள்ளிடத்தின் மணலில்தான்.

அந்த மணலின் நிலையை 2024 ஆகஸ்ட் காட்டியது. மேட்டூர் நிரம்பி கொள்ளிடத்தில் மறுபடி வெள்ளம் வந்தபோது, திருச்சியில் புதுப்பாலத்தையொட்டிப் புதிதாகக் கட்டியிருந்த தடுப்புச் சுவரின் ஒரு பகுதி அடித்துச்செல்லப்பட்டது. ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்து விழுந்தது. இவற்றில் எதற்கும் நூற்றெண்பது வயது இல்லை.

இனி பார்க்க வேண்டியது கீழணையை. மேலணை கட்டிய அதே 1836-இல், அதே ஆற்றில், அதே மணலில் எழுந்தது. பிற்காலத்தில் அதுவும் கதவணையாக்கப்பட்டது. மேலே சாலைப் பாலம், அதில் கனரக வாகனங்களுக்குத் தடை. அங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணத்திலிருந்து சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. ஆக, அணைக்கரையின் மணலில் நடப்பது கடலூர் மாவட்ட நெல்லை மட்டுமல்ல, தலைநகரத்தின் குடத்தையும் தொடும். 2021-இல் நீர்வளத்துறை தனித்துறையாகப் பிரிந்திருக்கிறது. பழைய துறையின் இரட்டை வேடத்தை அது கழற்றிவைத்திருக்கிறதா என்று தெரிய ஒரு எளிய சோதனை போதும். கோடையில் கொள்ளிடம் காயும்போது கீழணையின் கீழ்ப்பக்கத் தளத்தின் முனையில் படுகை எந்த மட்டத்தில் இருக்கிறது, முந்தைய ஆண்டைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளந்து, மேட்டூர் நீர்மட்டம் போல ஊருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். ஒரு மட்டக்கருவியும் இரண்டு ஆட்களும் ஒரு வார வேலையும்தான் அதற்குத் தேவை.